புயல் வானம் வரையலாம், வாங்க: கான்ஸ்டபிள் காட்டிய வழி

இயற்கைக் காட்சி வரைய உட்காரும் பலரும் மலை, மரம், வீடு எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் நீலத்தைப் பூசி வானம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் இதற்கு நேர் எதிர். 1821, 1822-ல் லண்டனுக்கு வடக்கே ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று, பல படங்களில் தரையே இல்லாமல், வெறும் மேகங்களாக வரைந்து தள்ளினார். சிலவற்றின் பின்பக்கம் தேதி, நேரம், காற்றின் திசை வரை குறித்தும் வைத்தார். ஆலைக்காரர் மகன், அப்பாவின் காற்றாலையிலேயே வேலை பார்த்தவர், வானத்தைப் பார்க்காமல் அவருக்குப் பொழுது போயிருக்காது. அவர் எண்ணெய் வண்ணத்தில் செய்ததை நாம் வாட்டர் கலரில் செய்து பார்ப்போம்.

300 ஜிஎஸ்எம் அளவுள்ள தடிமனான காகிதம் வேண்டும், மெல்லியது நனைந்ததும் நெளிந்துவிடும். பெரிய பிரஷ் ஒன்று, டிஷ்யூ, அப்புறம் மூன்றே வண்ணம்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்). கருப்பு வேண்டவே வேண்டாம், அது மேகத்தைக் கரி பூசியது மாதிரி ஆக்கிவிடும். நீலத்தையும் சியன்னாவையும் கலந்தாலே நல்ல சாம்பல் கிடைக்கும்.

முதலில் பிரஷ்ஷைத் தொடாமல் கொஞ்ச நேரம் வானத்தைப் பாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம், மேகத்தின் அடிப்பகுதி எவ்வளவு இருட்டு, இவை இரண்டும் தெரிந்தால் போதும். தலைக்கு மேல் பெரிதாக இருக்கும் மேகங்கள் தொடுவானத்தை நெருங்க நெருங்கச் சிறுத்து, தட்டையாகி, நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதையும் கவனியுங்கள், ஆழம் அதிலிருந்துதான் வருகிறது.

தாளின் அடியில் கால் பங்கைத் தரைக்காக ஒதுக்கிவிட்டு, மேகத்தின் வெளிச்சமான விளிம்புகளை மட்டும் உலர்ந்தபடி விட்டு, மற்ற வானத்தை நனையுங்கள். தொடுவானத்தை ஒட்டி மெலிதாக ஓக்கர், மேலே திட்டுத்திட்டாக நீலம். தாள் இன்னும் பளபளக்கும்போதே மேகத்தின் அடியில் சாம்பலை விடுங்கள், காய்ந்தால் வெளுக்கும் என்பதால் தைரியமாக அடர்த்தியாகவே விடலாம். நிறம் தானாகப் பரவும், அதைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். பளபளப்பு அடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் ஓரம் பிசிறடித்த கறை வரும்.

மழை வேண்டுமா? ஈரம் இருக்கும்போதே காகிதம் வைத்திருக்கும் பலகையைச் சாய்த்து, சாம்பலைக் கீழே இறங்க விடுங்கள். பிரைட்டன் கடற்கரையில் கான்ஸ்டபிள் வரைந்த மழைப் படத்தைத் தேடிப் பாருங்கள், கருமேகத்திலிருந்து மழை முரட்டு வீச்சுகளாகக் கடலில் இறங்கும், அழகுபடுத்தும் எண்ணமே இருக்காது. அதிகமாகிவிட்ட இடத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுக்கலாம், தேய்க்கக் கூடாது.

நன்றாகக் காய்ந்தபின் தரை. கெட்டியான கருஞ்சாம்பலில் இரண்டு மூன்று இழுப்பு போதும், புல் எல்லாம் வரைய வேண்டாம்.

பின்பக்கம் தேதி, நேரம், காற்று குறித்துவிட்டு அடுத்த காகிதத்தை எடுங்கள். முதல் படத்தைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்தால் நீங்கள் பார்த்த மேகம் அதற்குள் போய்விட்டிருக்கும்.