முதலில் கட்டம், பிறகு கலைப்பு: பாசல் பாணியில் ஒரு சுவரொட்டி

பின்நவீனத்துவ வடிவமைப்பு, அதாவது கறாரான ஒழுங்கை வேண்டுமென்றே மீறும் பாணி, என்றதும் எழுத்துகளைக் கண்டபடி சிதறவிட்டு, நிறங்களை வாரி இறைப்பவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அச்செழுத்து வடிவமைப்பில் இந்த அலையைக் கிளப்பியவர்களில் முதன்மையானவர் வொல்ஃப்காங் வைன்கார்ட். ஈய எழுத்துகளைக் கையால் கோத்துப் பழகிய அச்சுக்கோப்பாளர் அவர். 1968இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரக் கலைப் பள்ளியில் அவர் கற்பிக்கத் தொடங்கியபோது, அப்பள்ளி ஆசிரியர்களான எமில் ரூடரும் அர்மின் ஹோஃப்மனும் வளர்த்தெடுத்த சுவிஸ் பாணி அங்கே கோலோச்சியது: அலங்காரமற்ற எழுத்துரு, கறாரான கட்டங்கள், தாராளமான வெற்றிடம். தனக்கு அத்துப்படியான ஒழுங்கைத்தான் வைன்கார்ட் கலைத்தார். நாமும் அதே வரிசையில் போவோம்.

ஏ3 தாள்கள், வெட்டுக்கத்தி, பசை, இரண்டு ஓஎச்பி தாள்கள் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்கள்), அருகில் ஒரு ஜெராக்ஸ் கடை. இவை போதும். எடுத்துக்காட்டாக, ஒரு கைத்தறிக் கண்காட்சிக்குச் சுவரொட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: ஒழுங்கான சுவரொட்டி

தாளைப் பென்சிலால் நான்கு பத்திகளாகவும் ஆறு வரிசைகளாகவும் பிரியுங்கள். தலைப்பு, நாள், நேரம், இடம் எல்லாவற்றையும் ஒரே எழுத்துருவில், இரண்டே அளவுகளில் அச்செடுத்து, இடப்பக்க விளிம்பு நேராக நிற்கும்படி ஒட்டுங்கள். ஒரு பிரதி எடுத்துச் சுவரில் மாட்டிவிடுங்கள். இனிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்துவிடாதீர்கள்.

படி 2: எழுத்துகளுக்கு இடையே காற்று

தலைப்பை இன்னொரு முறை அச்செடுத்து, எழுத்து எழுத்தாக வெட்டி, இடைவெளி விட்டு ஒட்டிப் பாருங்கள். அகன்ற இடைவெளி வைன்கார்ட் விரும்பிக் கையாண்ட உத்தி. ரோமன் எழுத்தில் இது எளிது. தமிழில் கவனம் தேவை. ‘கொ’ என்பதன் மூன்று துண்டுகளையும் தனித்தனியே விலக்கினால் ஒற்றைக்கொம்பு முன்னெழுத்தோடு ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். தனித்து நிற்கும் துணைக்காலை ‘ர’ என்று படித்துவிடுவார்கள். எனவே கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டுப் பிரியாமல், முழு எழுத்தை ஒரே துண்டாக வெட்டுங்கள். கணினியில் செய்தாலும், இடைவெளியைக் கூட்டிய பிறகு ஒவ்வொரு உயிர்மெய்யையும் கண்ணால் சரிபாருங்கள்.

படி 3: படிக்கட்டும் பட்டையும்

ஒரு வார்த்தையை மட்டும் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக மாற்றுங்கள். அல்லது ஒரு பட்டையின் ஓரத்தைப் படிக்கட்டுபோல் வெட்டி இறக்குங்கள். இந்த இரண்டும் பாசலிலிருந்து உலகெங்கும் பரவின; எங்கு பார்த்தாலும் இவற்றை வெறும் ஒப்பனையாகப் பயன்படுத்தியதால் சீக்கிரமே சலித்தும் போயின. ஆகவே ஒரு சுவரொட்டிக்கு ஒன்று போதும்.

படி 4: புள்ளிகளும் அடுக்குகளும்

நேரம் செலவிட வேண்டிய இடம் இது. செய்தித்தாள் படத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் அது வெறும் புள்ளிகள். சுவிஸ் பாணி அந்தப் புள்ளிகளை ஒளித்து, படத்தை மட்டும் காட்டியது. வைன்கார்டோ 1970களின் நடுவிலிருந்து, அச்சகப் படலங்களை (படம் பதிந்த, ஒளி ஊடுருவும் ஃபிலிம்களை) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புள்ளிகளையே காட்சியாக்கினார். பாசல் நகரக் கலை நல்கைக் கண்காட்சிக்காக அவர் செய்த சுவரொட்டிகளில் அச்சுவேலையின் தடங்கள் மறைவின்றித் தெரிகின்றன.

தறியின் செய்தித்தாள் படம் ஒன்றை ஜெராக்ஸில் 400 சதவீதம் பெரிதாக்குங்கள். புள்ளிகள் தெளிவாகத் தெரியும்வரை பிரதியையே மீண்டும் பெரிதாக்கலாம். பிறகு அதை இரண்டு ஓஎச்பி தாள்களில் எடுங்கள். ஜெராக்ஸ் இயந்திரத்தின் சூட்டைத் தாங்கும் வகைதானா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தாள் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல்தாளை மெல்லத் திருப்புங்கள். சிறிய கோணத்தில் பெரிய அலைகள் எழும். கோணம் கூடக்கூட அலைகள் நெருங்கிச் சிறுத்துப்போகும். பாவும் ஊடையும் பின்னுவதுபோல் அலைகள் குறுக்கிடும் இடம் கண்ணில் பட்டதும் நிறுத்தி, அங்கேயே ஒட்டுங்கள். கைத்தறிச் சுவரொட்டிக்கு இந்தக் கலைப்பு பொருந்துகிறது. ஒரு புத்தக வெளியீட்டுக்கு வேறொன்றைத் தேட வேண்டும்.

கணினியிலும் இதே வேலை நடந்திருக்கிறது. பாசலில் பயின்ற அமெரிக்கரான ஏப்ரல் கிரைமன், 1986இல் ‘டிசைன் குவார்ட்டர்லி’ இதழின் ஒரு வெளியீட்டையே மடித்து விரிக்கும் மாபெரும் சுவரொட்டியாக்கினார். தம் உடலின் முழு அளவுப் படத்தையும் குறிப்புகளையும் ஆப்பிளின் மேக்கின்டாஷ் கணினியில் அடுக்கி அதை உருவாக்கினார். அந்தக் காலக் கணினியின் சொரசொரப்பான புள்ளிகளை அவர் மழுப்பவில்லை.

படி 5: சோதனை

எல்லாவற்றையும் ஒட்டி ஒரே பிரதியாக எடுங்கள். வெட்டிய தாள்களின் ஓரங்கள் மெல்லிய நிழற்கோடுகளாக விழும், அவற்றை அழிக்காதீர்கள். முதல் படியில் செய்ததற்குப் பக்கத்தில் இதையும் மாட்டி, இதுவரை பார்க்காத ஒருவரிடம் நாள், நேரம், இடம் மூன்றையும் கேளுங்கள். தடுமாறினால், அந்த மூன்று வரிகளை மட்டும் பென்சில் கட்டத்துக்குள் திருப்பி வைத்து மறுபடி பிரதி எடுங்கள்.