மெட்டல் கியர் சாலிட் 2: காவலர்களின் அடையாளத் தகடுகளைச் சேகரிப்பது எப்படி?

போர் வீடியோ விளையாட்டுகள் பலவற்றில், படைவீரர் கழுத்தில் அணியும் பெயர் பொறித்த அடையாளத் தகடு என்பது கொன்றவனுக்குக் கிடைக்கும் பரிசு. பேட்டில்ஃபீல்ட் வரிசையில் எதிராளியைக் கத்தியால் குத்திக் கொன்றால் அவன் தகடு நமதாகிவிடும். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது ஒருபோதும் பிடித்ததில்லை. 2001இல் கொனாமி பிளேஸ்டேஷன் 2க்கு வெளியிட்ட, பதுங்கி ஊடுருவும் விளையாட்டான மெட்டல் கியர் சாலிட் 2இல் நிலைமை வேறு. எதிரிக் காவலன் உயிரோடும் விழிப்போடும் இருந்தால்தான் தகடு கிடைக்கும். கொன்றாலும் இல்லை, மயக்கினாலும் இல்லை. அதனால்தான் இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

முதலில் எம்9 மயக்கத் துப்பாக்கியைக் கையில் எடுங்கள். காவலன் முதுகைக் காட்டும் வரை காத்திருந்து, ஓடாமல் மெல்ல நடந்து நெருங்குங்கள். மிக அருகில் போனதும் சதுரப் பொத்தானை அழுத்தினால் அவன் கைகளை உயர்த்துவான். ஹெட்போன் அணிந்து விளையாடுங்கள். காலடிச் சத்தம் கேட்காமல் இதைச் செய்வது வீண் சிரமம்.

பலரும் தடுமாறும் இடம் அடுத்தது. நானும் இங்கேதான் நெடுநாள் சிக்கியிருந்தேன். கை உயர்த்தியவனுக்குப் பின்னாலேயே நின்றால் எதுவும் நடக்காது. அவனைச் சுற்றிக்கொண்டு முன்னால் வர வேண்டும். ஆர்1 பொத்தானை அழுத்தி, பாத்திரத்தின் கண்வழியே பார்க்கும் நிலைக்கு மாறி, துப்பாக்கியை அவன் தலைக்கோ இடுப்புக்குக் கீழேயோ குறிவையுங்கள். நெஞ்சுக்கு நேரே குறிவைத்துக் காத்திருப்பதில் பயனில்லை. அவன் கெஞ்சுவான், உடலை உதறுவான், தகடு கீழே விழும். விழும் வரை சதுரப் பொத்தானை விடாதீர்கள். சட்டென்று விட்டால் துப்பாக்கி சுட்டுவிடும். அவன் தூங்கிவிட்டால், எழும் வரை காத்திருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

சிலர் அசைய மாட்டார்கள், "சுடு பார்க்கலாம்" என்ற தோரணையில் நிற்பார்கள். அவர்களுக்கு உண்மையான குண்டு பாயும் கைத்துப்பாக்கி வேண்டும். கையிலோ காலிலோ ஒரு முறை சுட்டுவிட்டு மீண்டும் தலைக்குக் குறிவைத்தால் இறங்கி வருவார்கள். ஸ்நேக் என்ற பாத்திரமாக விளையாடும் முதல் பகுதியான கப்பலில், அந்தத் துப்பாக்கி ஓல்கா என்ற எதிரியை வென்ற பிறகுதான் கைக்கு வரும். அடுத்த பகுதியில் ரெய்டன் என்ற பாத்திரமாக விளையாடும்போது சோக்கம் துப்பாக்கியைத்தான் பரிந்துரைப்பேன். அதன் லேசர் ஒளி குறியை எளிதாக்கும்.

தகட்டை எடுத்ததும் பெயரை வாசியுங்கள். விளையாட்டு வெளிவருமுன் விண்ணப்பித்த ரசிகர்கள் பலரின் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ரெய்டன் பகுதியின் தொடக்கத்தில், கணினி முனையத்தில் உங்கள் பெயரைக் கேட்பார்கள். எதையோ தட்டிவிட்டுப் போகாமல் சொந்தப் பெயரையே கொடுங்கள். காரணம் முடிவில் தெரியும், இங்கே சொல்ல மாட்டேன்.

எளிது, கடினம் என ஒவ்வொரு ஆட்ட நிலைக்கும் தகடுகள் தனித்தனி. எளிய நிலையில் சேர்த்தவை கடின நிலையின் கணக்கில் வராது. போதிய தகடுகளோடு ஆட்டத்தை முடித்துச் சேமித்தால், அடுத்த ஆட்டத்தில் அணிந்தால் குண்டு தீராத தலைப்பட்டி, கண்ணுக்குத் தெரியாமல் நடமாட உதவும் ஸ்டெல்த் கருவி போன்றவை கிடைக்கும். இன்னொன்று, கப்பலை விட்டு வெளியேறினால் அங்குள்ள காவலர்களிடம் அந்த ஆட்டத்தில் திரும்பிப் போக முடியாது. ஆகவே கப்பலில் அவசரப்பட வேண்டாம்.

சேமிப்பது வானொலி அழைப்பு மூலம். ஸ்நேக்காக ஆடும்போது ஓட்டகானையும், ரெய்டனாக ஆடும்போது ரோஸையும் அழைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி முழங்கினால் இங்கே மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அரிய தகடு ஒன்று கிடைத்தால் உடனே சேமித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: கொக்குவிலிலிருந்து ஒரு தம்பி, பொத்தானை மெல்ல விட்டாலும் துப்பாக்கி சுடுகிறதே என்று கேட்டிருந்தார். பிளேஸ்டேஷன் 2 கட்டுப்படுத்தியின் பொத்தான்கள் அழுத்தத்தின் அளவை உணரும். அதில் மெல்ல விட்டால் துப்பாக்கி சுடாமல் தாழும். 2023இல் வந்த மறுவெளியீட்டுத் தொகுப்பான மாஸ்டர் கலெக்‌ஷனைப் புதிய கட்டுப்படுத்திகளில் விளையாடுவோருக்கு அந்த வசதி இல்லை. தகடு விழுந்த பிறகு ஆர்2 பொத்தானை ஒருமுறை தட்டி ஆயுதத்தை உள்ளே வைத்துவிட்டு, சதுரப் பொத்தானை விடுங்கள்.