இண்டிபெண்டன்ட் ஸ்டடி எடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இண்டிபெண்டன்ட் ஸ்டடி என்றால் வகுப்பு இல்லாமல், ஒரு பேராசிரியரின் வழிகாட்டலில் தனியாகப் படித்து கிரெடிட் வாங்குவது. எலெக்டிவ் (விருப்பப் பாட) பட்டியலில் எதுவும் பிடிக்கவில்லை, "பேசாமல் இண்டிபெண்டன்ட் ஸ்டடி போட்டுவிடலாம்" என்று முடிவெடுப்பதுதான் முதல் தவறு. பிடித்த பாடம் இல்லை என்பது வேறு, தேவையான பாடம் இல்லை என்பது வேறு. தீசிஸுக்கு அவசியமான ஒன்று பட்டியலிலேயே இல்லை, அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்தப் பாடம் நீங்கள் படித்து முடித்த பிறகுதான் வரும் என்றால் தனியாகப் படிப்பதில் நியாயம் உண்டு. காலை எட்டு மணி வகுப்பிலிருந்து தப்பிக்க என்றால் இல்லை.

புள்ளியியல், ஆய்வு முறையியல் போன்றவற்றை இப்படி எடுக்கவே கூடாது. அவை மனதில் ஏறுவது வாராவாரம் போடும் கணக்கிலும் திருத்தி வரும் தாளிலும்தான். தப்பான புள்ளியியல் மாடலை ஓட்டினாலும் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு விடையைக் கொடுத்துவிடும். அது தப்பு என்று சொல்ல பக்கத்தில் ஆள் இருக்காது.

அடுத்தது, தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போவது. 'காலநிலை மாற்றமும் விவசாயமும்' என்பது தலைப்பு. அதில் எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது. 'வறட்சிக் காப்பீடு எடுத்த விவசாயிகள் பயிரை மாற்றுகிறார்களா?' என்பது கேள்வி. எதைப் படிக்க வேண்டும், எதை ஒதுக்கலாம் என்பதை அதுவே சொல்லிவிடும்.

பெரும்பாலானோர் சறுக்குவது நேரக் கணக்கில். ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 45 மணி நேர உழைப்பு என்று வைக்கும் முறையில் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் ஈ.சி.டி.எஸ். கிரெடிட் கணக்கில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேரம்) 3 கிரெடிட் என்பது 135 மணி நேரம், 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 9. சந்திப்புக்கு 1, குறிப்பெழுத 2 போக மீதி 6 மணி நேரத்தில் ஊன்றிப் படிக்கக்கூடியது மூன்று கட்டுரைகள். கடைசி 4 வாரத்தை எழுத ஒதுக்கினால் மொத்தம் 33 வரும். ஆனால் ஆர்வத்தில் போடும் பட்டியலில் 60 இருக்கும்! ஆறாவது வாரமே பின்தங்கி, சொல்லக் கூச்சப்பட்டுச் சந்திப்பைத் தள்ளிப்போட்டு, கடைசியில் மதிப்பெண்ணுக்குப் பதில் 'இன்கம்ப்ளீட்' (பாடம் முடிக்கவில்லை) என்று வாங்குவது இப்படித்தான்.

வாய்ப்பேச்சை நம்பி ஆரம்பிக்காதீர்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பு, என்ன எழுதித் தர வேண்டும், எத்தனை பக்கம், எந்தத் தேதிக்குள், மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்று இரண்டு பக்க சிலபஸை நீங்களே எழுதி ஒப்புதல் வாங்குங்கள். இறுதிக் கட்டுரைக்கு முன்னால் நடுவில் ஒரு வரைவாவது இருக்கட்டும். பேராசிரியர் அந்த செமஸ்டர் விடுப்பில் போகிறாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். புகழ்பெற்றவர் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் தருவதைவிட, வாரம் ஒரு மணி நேரம் உட்காரும் இளையவர் மேல்.

பேட்டி, சர்வே எடுக்கும் திட்டம் இருந்தால் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே பல வாரம் போய்விடலாம். முந்தைய செமஸ்டரிலேயே விண்ணப்பியுங்கள். முடியாவிட்டால் ஏற்கெனவே வெளியான தரவை வைத்துச் செய்யுங்கள்.

பதிவு செய்யும்போது இரண்டைப் பாருங்கள். பட்டத்துக்கு இத்தகைய கிரெடிட்டில் எத்தனை வரை கணக்கில் சேரும் என்பதற்குப் பல துறைகளில் உச்சவரம்பு உண்டு. மார்க் ஷீட்டில் வெறும் 'இண்டிபெண்டன்ட் ஸ்டடி' என்று விழுந்தால் நீங்கள் என்ன படித்தீர்கள் என்று வெளியில் யாருக்கும் புரியாது. பாடத்தின் பெயரைச் சேர்க்க படிவத்தில் இடம் இருந்தால் அதை அப்போதே நிரப்பிவிடுங்கள்.