ஹெல்த் பாலிசியா, ஹெல்த்கேர் மேனேஜ்மென்ட்டா? மாஸ்டர்ஸ் அப்ளை பண்றதுக்கு முன்னாடி

ஹெல்த் பாலிசி, ஹெல்த்கேர் மேனேஜ்மென்ட்னு இந்த ரெண்டு படிப்போட பேரையும் சேர்த்தே சொல்லிச் சொல்லி ரெண்டும் ஒண்ணுதான்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, சேர்ந்து முதல் செமஸ்டர் முடியறப்பதான் நாம தேடி வந்தது இது இல்லையேன்னு தெரியுது, அதுக்குள்ள பணமும் போயிடுது நாளும் போயிடுது. அதனால யூனிவர்சிட்டி லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை பண்ணுங்க.

ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஓபில காலைல வந்தவங்க மத்தியானம் வரைக்கும் உக்காந்திருக்காங்கன்னு வச்சுக்கோங்க. அதைப் பாத்ததும் உங்க மனசுல மொதல்ல வர்ற கேள்விய ஒரு பேப்பர்ல எழுதுங்க. ரிஜிஸ்ட்ரேஷன்ல எத்தனை பேர் இருக்காங்க, எல்லாரையும் ஏன் ஒரே நேரத்துக்கு வரச் சொல்றாங்க, லேப் ரிசல்ட் எங்க மாட்டிக்குதுன்னு வந்தா நீங்க மேனேஜ்மென்ட் பக்கம். சின்ன கிளினிக்ல முடியற விஷயத்துக்கு ஏன் இங்க வராங்க, இதுக்கெல்லாம் யார் பணம் கட்டறாங்க, டாக்டருக்கு மாசச் சம்பளமா இல்ல பாக்கற பேஷண்ட் கணக்குக்குக் காசான்னு வந்தா பாலிசி பக்கம். ரெண்டுமே வருதுன்னா ரெண்டையும் கலந்து சொல்லித்தர்ற கோர்ஸும் இருக்கு, ஆனா எது முதல்ல வந்துச்சுன்னு குறிச்சு வைங்க, பின்னாடி எஸ்ஓபி, அதாவது இந்தப் படிப்பு ஏன் வேணும்னு யூனிவர்சிட்டிக்கு எழுதற கடிதம், அதை எழுதறப்ப அதுதான் உதவப்போகுது.

படிப்புக்குள்ளயும் இதே வித்தியாசம்தான். மேனேஜ்மென்ட்ல உங்களுக்கு சீக்கிரமே அறிமுகம் ஆகற ஒரு ஃபார்முலா இருக்கு, 1961ல ஜான் லிட்டில் நிரூபிச்சது: ஒரு இடத்துல சராசரியா எத்தனை பேர் இருப்பாங்கங்கறது, மணிக்கு எத்தனை பேர் வராங்க, ஒருத்தர் எவ்ளோ நேரம் இருக்காருங்கற ரெண்டையும் பெருக்கினா வந்துடும். மணிக்கு 20 பேர் வந்து ஒவ்வொருத்தரும் 3 மணி நேரம் இருந்தா எப்பவும் சுமார் 60 பேர் உள்ள இருப்பாங்க. நாற்காலி வாங்கிப் போட்டா கூட்டம் குறையாது, வர்றவங்க எண்ணிக்கையோ அந்த 3 மணி நேரமோ குறைஞ்சாதான் குறையும். இதோட ஃபைனான்ஸ், ஆளெடுப்பு, குவாலிட்டி எல்லாம் சேரும்.

பாலிசில வேற மாதிரி. அமெரிக்காவுல 1983ல மெடிகேர்ங்கற, முக்கியமா வயசானவங்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ் திட்டம் ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் கொடுக்கற முறைய மாத்துச்சு, ஆன செலவையெல்லாம் கொடுக்காம இந்த வகை நோய்க்கு இவ்ளோதான்னு முன்னாடியே ஒரு தொகை வச்சுட்டாங்க, உடனே பேஷண்ட் பெட்ல இருக்கற நாள் குறைய ஆரம்பிச்சுது. இது நல்லதா, இல்ல சரியாகறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு அனுப்பறாங்களா? இன்னொண்ணு, அமெரிக்காவுல ராண்ட்ங்கற ஆராய்ச்சி நிறுவனம் 70கள்ல ஆரம்பிச்ச இன்ஷூரன்ஸ் பரிசோதனை. குடும்பங்களைக் குலுக்கல் முறைல பிரிச்சு சிலருக்கு முழுக்க இலவசம், சிலருக்குக் கைக்காசும் போடணும்னு வச்சுப் பாத்தாங்க. கைக்காசு போட்டவங்க சிகிச்சைய குறைச்சுக்கிட்டாங்க, ஆனா தேவையில்லாததை மட்டும் இல்ல, தேவையானதையும் சேர்த்தே குறைச்சாங்க. நிறைய பேருக்கு உடம்புல பெரிய வித்தியாசம் தெரியல, ஆனா ஏழையா இருந்து ஏற்கனவே பிரஷர் இருந்தவங்களுக்கு இலவச சிகிச்சைல பிரஷர் நல்லா கட்டுப்பட்டுச்சு. இதைப் படிச்சதும் அப்ப கட்டணம் யாருக்கு வைக்கலாம் யாருக்கு வைக்கக்கூடாதுன்னு உங்க மண்டைக்குள்ள ஓட ஆரம்பிச்சா நீங்க எந்தப் பக்கம்னு யாரும் சொல்ல வேண்டியதில்ல.

சரி, டிகிரி பேரு. எம்எச்ஏன்னா (மாஸ்டர் ஆஃப் ஹெல்த் அட்மினிஸ்ட்ரேஷன்) பெரும்பாலும் நிர்வாகம், எம்பிஎச்ன்னா (மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த்) பொது சுகாதாரம், அதுக்குள்ள பாலிசி ஒரு பிரிவா வரும், எம்எஸ்சி ஹெல்த் பாலிசின்னா பொருளாதாரமும் ஆராய்ச்சியும் கூடுதல், எம்பிஏல ஹெல்த்கேர்னா முக்கால்வாசி பொது எம்பிஏதான். ஆனா பேரை நம்பாதீங்க. கட்டாயப் பாடம் என்னன்னு மட்டும் எடுத்துப் பாருங்க, எலெக்டிவ், அதாவது நாமளே தேர்ந்தெடுக்கற பாடங்களோட லிஸ்ட் எல்லா இடத்துலயும் அழகாத்தான் இருக்கும், பாதி அந்த வருஷம் நடக்கவே நடக்காது. ஹெல்த் எகனாமிக்ஸ், புள்ளியியல், எபிடெமியாலஜி (நோய் மக்கள்கிட்ட எப்படிப் பரவுதுங்கற படிப்பு) கட்டாயம்னா அது பாலிசி கோர்ஸ். அக்கவுண்டிங், ஆபரேஷன்ஸ் கட்டாயம்னா மேனேஜ்மென்ட். அமெரிக்காவுல படிக்கப் போறவங்க அங்கீகாரத்தையும் பாருங்க, நிர்வாகப் படிப்புக்கு கேமி (CAHME), பொது சுகாதாரத்துக்கு செஃப் (CEPH)னு தனித்தனி அமைப்பு. அங்க பொதுவா ரெண்டு வருஷம், பிரிட்டன்ல ஒரு வருஷம், ஒரு வருஷத்துல வேலை அனுபவத்துக்கு நேரம் கம்மிங்கறதையும் கணக்குல வச்சுக்கோங்க.

கணக்கு பத்தி வெளிப்படையா சொல்லிடறேன். டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட்னு வர்றவங்க அதிகம் தடுமாறறது இங்கதான், அறிவு இல்லாம இல்ல, ரிக்ரெஷன் மாதிரி புள்ளியியல் கணக்கைப் பாத்து பல வருஷம் ஆயிருக்கும். சேர்றதுக்கு மூணு மாசம் முன்னாடியே ஆர் (R)ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணிடுங்க, அது இலவசம், உலக சுகாதார நிறுவனம் நாடுவாரியா சுகாதாரச் செலவு டேட்டாவை சும்மாவே வெளியிடுது, அதை டவுன்லோட் பண்ணி உங்களுக்குப் பிடிச்ச அஞ்சு நாட்டுல மக்கள் தங்கள் கையிலேர்ந்து கட்டற பங்கு எப்படி மாறியிருக்குன்னு ஒரே ஒரு படம் போட்டுப் பாருங்க. அந்த ஒரு படம் பத்து வீடியோ பாக்கறதை விட அதிகம் கத்துக்கொடுக்கும்.

இனி எஸ்ஓபி. "சின்ன வயசுலேர்ந்தே மக்களுக்கு சேவை செய்யணும்னு ஆசை"ன்னு ஆரம்பிக்காதீங்க, ஆசை உண்மையாவே இருக்கும், ஆனா படிக்கறவங்க அதே வரிய அன்னிக்கு எத்தனையோ தடவை படிச்சிருப்பாங்க. நீங்க பேப்பர்ல எழுதி வச்ச கேள்விய எடுங்க, அதை எங்க பாத்தீங்க, அப்ப என்ன பண்ணீங்க, எது பண்ண முடியல, அதுக்கு இந்தக் கோர்ஸ்ல எந்தப் பாடம் வேணும், இவ்ளோதான். வார்டுல தினமும் மருந்து தீர்ந்து போறதை ஒரு நர்ஸ் ஒரு மாசம் நோட்ல குறிச்சு வச்சிருந்தாங்கன்னா அதைவிட நல்ல எஸ்ஓபி கிடையாது. இப்ப வேலைல இருக்கறவங்க இன்னிலேர்ந்தே அந்த மாதிரி ஒரு நோட் ஆரம்பிங்க, பேஷண்ட் பேரோ விவரமோ எதுவும் எழுத வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும்.

ரெக்கமண்டேஷனுக்குப் பெரிய பதவில இருக்கறவரைத் தேடி ஓடாதீங்க, உங்க வேலைய பக்கத்துல இருந்து பாத்தவரைக் கேளுங்க, ரெண்டு மாசம் முன்னாடியே கேளுங்க, எஸ்ஓபி டிராஃப்டையும் கூடவே கொடுங்க.

ஸ்காலர்ஷிப்ல ஒரு விஷயம் மட்டும். பிரிட்டன் அரசோட செவனிங் ஸ்காலர்ஷிப் மாதிரி முழுச் செலவும் ஏத்துக்கற திட்டங்களுக்கு வேலை அனுபவம் கேப்பாங்க, செவனிங்ல ரெண்டு வருஷம்னா 2,800 மணி நேரம்னு கணக்கு, பார்ட் டைம், வாலண்டியர் வேலையும் அதுல சேரும். எங்க எத்தனை மணி நேரம் வேலை பாத்தோம்னு எழுதி வைக்காம கடைசி வாரத்துல பழைய ஆபீசுக்கெல்லாம் போன் போட்டு அலையற நிலைமை வேண்டாம், இன்னிக்கே ஒரு ஷீட் போட்டு தேதி, இடம், மணி நேரம் மூணையும் நிரப்ப ஆரம்பிச்சுடுங்க.