ஆண்டனி குயினின் திரைவாழ்க்கையைப் பின்தொடர்வது எப்படி

ஆண்டனி குயின் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவில் எழுவது, கிரேக்கக் கடற்கரை ஒன்றில் இரு கைகளையும் விரித்து ஆடும் ஒரு மனிதனின் உருவம். அந்த மனிதன் கிரேக்கன். அவனாக நடித்தவரோ மெக்சிகோவில் பிறந்து, லாஸ் ஏஞ்சலீஸின் கிழக்குப் பகுதியில் வளர்ந்தவர். ஹாலிவுட் அவருக்கு ஏறத்தாழ எல்லா நாட்டு வேடங்களையும் கொடுத்தது; அவருடைய சொந்த மண்ணின் வேடத்தை மட்டும் அரிதாகவே கொடுத்தது. அவருடைய படங்களைப் பார்க்க விரும்புகிறவர் இந்த ஒரு செய்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும் என்பது என் கருத்து. ஆண்டு வரிசையில் தொடங்கினால் 1930களின் சிறு வேடங்களிலேயே சலிப்புத் தட்டிவிடும். புகழ்பெற்றவற்றை மட்டும் பார்த்தாலோ, பிறவியிலேயே அவர் அப்படிப்பட்ட பெருங்குரல் மனிதர் என்ற தவறான எண்ணம் தங்கிவிடும். ஆகவே எந்தப் படத்தை எந்த வரிசையில், எதைக் கவனித்துப் பார்க்கலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தை நான்காகக் கோடிட்டுக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் படத்தின் பெயரும் ஆண்டும் இருக்கட்டும். இரண்டாவதில் அவர் ஏற்ற பாத்திரம் எந்த நாட்டவர் அல்லது எந்த இனத்தவர் என்பதையும், மூன்றாவதில் அந்தப் பாத்திரம் படம் முடியும்போது உயிரோடு இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். நான்காவது கட்டத்தைச் சற்று அகலமாக விடுங்கள். வசனம் இல்லாத இடங்களில் அவருடைய உடல் என்ன செய்கிறது என்பதற்கு அது. பத்துப் படங்களுக்குப் பிறகு இரண்டாவது கட்டத்தை மேலிருந்து கீழாக ஒரு முறை படித்துப் பார்த்தால், ஒரு நடிகரின் கதையோடு ஒரு தொழிலின் கதையும் அதில் எழுதப்பட்டிருப்பது தெரியும்.

படங்களுக்குள் போகுமுன் அவருடைய தொடக்கத்தை அறிந்துகொள்வது அவசியம். மெக்சிகோவில் புரட்சி நடந்துகொண்டிருந்த காலத்தில், 1915 ஏப்ரல் 21 அன்று, சிவாவா நகரில் அவர் பிறந்தார். தாய் மெக்சிகோக்காரர், தந்தையின் தந்தை அயர்லாந்திலிருந்து வந்தவர் என்பதால்தான் குயின் என்ற குடும்பப்பெயர். குடும்பம் எல்லையைத் தாண்டி டெக்சாஸின் எல் பாசோவுக்கும், பிறகு லாஸ் ஏஞ்சலீஸுக்கும் வந்து சேர்ந்தது. குயின் சிறுவனாக இருந்தபோதே தந்தை ஒரு கார் விபத்தில் இறந்துபோக, கிடைத்த வேலைகளையெல்லாம் செய்து குடும்பத்தைத் தாங்க வேண்டிய நிலை வந்தது. சில காலம் குத்துச்சண்டையும் செய்திருக்கிறார். இந்தக் குத்துச்சண்டையை மறந்துவிடாதீர்கள். பின்னால் ஒரு படத்தில் அது திரும்பி வரும்.

அவர் முதலில் விரும்பியது நடிப்பை அல்ல, கட்டடக் கலையை. ஃபிராங்க் லாய்ட் ரைட் என்ற மாபெரும் கட்டடக் கலைஞரிடம் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. இளைஞனின் பேச்சில் தடை இருப்பதைக் கவனித்த ரைட், கட்டடக் கலைஞன் தன் எண்ணத்தைப் பிறருக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று கருதி, நாக்கில் ஒரு சிறு அறுவை சிகிச்சை செய்துகொள்ளும்படி அறிவுரை சொன்னார். சிகிச்சைக்குப் பின் பேச்சைச் சீர்செய்யப் பயிற்சிக்குப் போன இடத்தில்தான் நடிப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. திரையில் அவர் பேசாமல் இருக்கும் கணங்கள் ஏன் அவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. பேச்சு எளிதாக வராத ஒருவன் வேறு வழிகளில் பேசக் கற்றுக்கொண்டுதானே இருப்பான்!

1936இல் திரைக்கு வந்தார். 1930களில் கலிஃபோர்னியாவிலிருந்து மெக்சிகோ வம்சாவளியினர் பெருந்திரளாக மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை இந்த ஆண்டோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். செசில் பி. டெமில் இயக்கிய 'தி பிளெயின்ஸ்மேன்' படத்தில் செய்யேன் பழங்குடி வீரனாக ஒரு சிறு வேடம் அவருக்குக் கிடைத்தது. தன்னைச் செய்யேன் இனத்தவன் என்று சொல்லித்தான் அதைப் பெற்றதாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். மறு ஆண்டு டெமிலின் வளர்ப்பு மகளும் நடிகையுமான கேத்ரின் டெமிலை மணந்தார். ஹாலிவுட்டின் மிகப் பெரிய இயக்குநர்களில் ஒருவருக்கு மருமகனான பிறகும் அவருக்கு வந்த வேடங்கள் மாறவில்லை: 1941இல் பழங்குடித் தலைவன் கிரேஸி ஹார்ஸ், 1942இல் அரபு ஷேக், 1945இல் ஒரே ஆண்டில் சீனப் போராளியும் பிலிப்பைன்ஸ் படைத் தலைவனும். இந்தப் படங்களை எல்லாம் முழுமையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு மற்றவற்றைக் கட்டத்தில் குறித்துக்கொண்டாலே போதும்.

முழுக் கவனத்தோடு பார்க்கத் தொடங்க வேண்டிய முதல் படம் 1943இல் வந்த 'தி ஆக்ஸ்போ இன்சிடென்ட்'. ஒரு கும்பல், விசாரணை இல்லாமல், மூன்று வழிப்போக்கர்களைக் கொலைகாரர்கள் என்று முடிவுகட்டித் தூக்கிலிடுகிறது; அந்த மூவரில் ஒருவனான மெக்சிகோக்காரனாகக் குயின் நடித்தார். முதலில் அவன் ஆங்கிலம் தெரியாதவனாக இருக்கிறான். சூழ்ந்திருப்பவர்கள் அவனை அற்பமாக நினைக்கிறார்கள். பிறகு திடீரென்று தெளிவான ஆங்கிலத்தில் பேசுகிறான். தன் காலில் பாய்ந்த குண்டைத் தானே கத்தியால் அகழ்ந்து எடுக்கிறான். அந்தக் காட்சியில் அவருடைய முகத்தைப் பார்க்காமல், சுற்றி நிற்பவர்களை அவர் பார்க்கும் பார்வையை மட்டும் ஒரு முறை பின்தொடருங்கள். ஹாலிவுட் அவருக்கு வகுத்துவைத்த எல்லைக்குள் நின்றுகொண்டே அந்த எல்லையை அவமதிக்கும் பார்வை அது. நான் இதுவரை ஐந்தாறு முறை பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் உடல் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறது.

இந்தப் படத்தோடு சேர்த்து அறிய வேண்டிய ஒரு வழக்கும் உண்டு. 1942இல் லாஸ் ஏஞ்சலீஸில் 'ஸ்லீப்பி லகூன்' நீர்த்தேக்கத்தின் அருகே ஒரு இளைஞர் இறந்தார். அதற்காக மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பலர் ஒன்றாக நிறுத்தப்பட்டு விசாரிக்கப்பட்டு, 1943 ஜனவரியில் 17 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. அவர்களுக்காக நிதி திரட்டியவர்களுள் குயினும் ஒருவர். 1944 அக்டோபரில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. திரையில் கும்பலால் தூக்கிலிடப்படும் மெக்சிகோக்காரனாக நடித்த அதே காலத்தில், திரைக்கு வெளியே அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை அறிந்த பிறகு அந்தப் படத்தை வேறு விதமாகத்தான் பார்க்க முடிகிறது.

1947இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அதே காலத்தில் நாடக மேடைக்குச் சென்று, நடிகர் மார்லன் பிராண்டோ நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் புகழ்பெறச் செய்த, 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தின் ஸ்டான்லி கோவால்ஸ்கி பாத்திரத்தில் சுற்றுப்பயண மேடைகளில் நடித்தார். பிறகு இருவரும் ஒரே படத்தில் சந்தித்தார்கள். எலியா கசான் இயக்கி 1952இல் வெளிவந்த 'விவா சபாட்டா!' மெக்சிகோ புரட்சியின் கதை. புரட்சி நடுவே பிறந்த குயின் இருக்க, நாயகன் எமிலியானோ சபாட்டாவாக மெக்சிகோவோடு தொடர்பே இல்லாத பிராண்டோ முகச்சாயத்துடன் நடித்தார். குயினுக்கு அண்ணன் யூஃபேமியோ வேடம். இந்த அநீதியைக் கண்டு சினந்து படத்தை ஒதுக்கிவிடாதீர்கள். புரட்சி வென்ற பிறகும் கையில் எதுவும் மிஞ்சாத அண்ணன், ஊர்க்காரர்களின் நிலத்தைத் தானே பறித்துக்கொண்டு, கேட்க வந்த தம்பியின் எதிரில் நிற்கும் காட்சிக்காகப் பொறுமையாகக் காத்திருங்கள். வெறியும் வெட்கமும் ஒரே முகத்தில் மாறி மாறி வருகின்றன. இந்த வேடத்துக்காக 1953இல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கரை வென்றார். நடிப்புக்காக ஆஸ்கர் பெற்ற முதல் மெக்சிகோ-அமெரிக்கர் அவரே.

அடுத்து இத்தாலிக்குப் போக வேண்டும். ஃபெடரிகோ ஃபெலினியின் 'லா ஸ்ட்ராடா', 1954. மார்பை விரித்து இரும்புச் சங்கிலியை அறுத்துக் காட்டி ஊர் ஊராகப் பிழைக்கும் முரட்டு வித்தைக்காரன் சம்பானோவாக வருகிறார். கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: இத்தாலிய வடிவத்தில் நாம் கேட்பது அவருடைய குரல் அல்ல, வேறொரு நடிகர் பின்னணி பேசியிருக்கிறார். ஆகையால் குரல் என்ற ஆயுதம் பறிக்கப்பட்ட குயினை இங்கே காணலாம். சங்கிலி வித்தையை அவன் படத்தில் மீண்டும் மீண்டும் செய்கிறான். ஒவ்வொரு முறையும் எவ்வளவு உயிர் குறைந்திருக்கிறது என்று நான்காவது கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் முறை அது ஒரு நிகழ்ச்சி. கடைசி முறை வெறும் பிழைப்பு. இறுதியில் இரவுக் கடற்கரையில் மணலைப் பற்றிக்கொண்டு அவன் அழும்போது, அதுவரை அவன் உடலில் நாம் கண்ட வலிமை அத்தனையும் எதற்கும் உதவாததாகிவிடுகிறது. அவருடைய திரைவாழ்க்கையின் உச்சம் எது என்று கேட்டால், தயங்காமல் இந்தப் படத்தையே சொல்வேன்.

இரண்டாவது ஆஸ்கர், வின்சென்ட் வான் கோவின் வாழ்க்கையைச் சொல்லும் 'லஸ்ட் ஃபார் லைஃப்' (1956) படத்தில் ஓவியர் பால் கோகானாக நடித்ததற்கு. திரையில் மிகக் குறைந்த நேரமே வருகிறார். குயின் தாமும் வாழ்நாள் முழுவதும் ஓவியமும் சிற்பமும் செய்தவர் என்பது தெரிந்தால், வண்ணத்தைப் பற்றி அவர் கோகானாகப் பேசும்போது இருக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

1961இலும் 1962இலும் வந்த படங்களில் பார்ப்பவர்கள் வழி தவறுவது உண்டு. 'தி கன்ஸ் ஆஃப் நவரோன்', 'பராபஸ்', 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' ஆகிய மூன்று பெரும் படங்களும் இந்த இரண்டே ஆண்டுகளில் வந்தவை, பார்க்கத் தகுந்தவையும்கூட. 'பராபஸ்' படத்தில் சிலுவைக் காட்சிக்காக உண்மையான முழுச் சூரிய கிரகணத்தையே படம்பிடித்தார்கள். ஆனால் இவற்றுக்கு முன் 1962இன் 'ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெயிட்' படத்தைப் பாருங்கள். ஓய்வுபெறும் வயதை எட்டிய குத்துச்சண்டை வீரன் மவுன்டன் ரிவேராவாகக் குயின் நடிக்க, தொடக்கக் காட்சியில் அவரை அடித்து வீழ்த்துபவராக, அப்போது கேசியஸ் கிளே என்ற பெயரோடு இருந்த முகமது அலியே வருகிறார். படத்தின் முடிவில், பிழைப்புக்கும் நண்பனின் கடனுக்குமாக, இறகுக் கிரீடம் அணிந்து பழங்குடித் தலைவன் வேடத்தில் போலி மல்யுத்த மேடையில் ஏற வேண்டிய நிலை ரிவேராவுக்கு வருகிறது. இளமையில் அதே இறகுகளை அணிந்துதான் குயினுக்குத் திரையில் இடம் கிடைத்தது என்பதை உங்கள் நோட்டுப் புத்தகத்தின் முதல் வரிகள் சொல்லும். அந்த மேடையில் அவர் கூச்சலிட்டு ஆடும்போது நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

இத்தனைக்கும் பிறகு 'ஜோர்பா தி கிரீக்' படத்துக்கு வாருங்கள். 1964இல் மைக்கேல் ககோயானிஸ் இயக்கி, கிரீட் தீவில் படமாக்கப்பட்டது. குயினுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. கடைசி நடனத்தில் கால்கள் துள்ளுவதற்குப் பதிலாக மணலில் இழைந்து செல்வதைப் பாருங்கள். காலில் அடிபட்டிருந்ததால் துள்ள முடியாமல் அப்படி ஆடியதாகக் குயின் சொல்லியிருக்கிறார். மிக்கிஸ் தியோடராக்கிஸின் இசையில் அமைந்த அந்த ஆட்டத்தைப் பழைய கிரேக்க நடனம் என்று பலர் நினைக்கிறார்கள். அது இந்தப் படத்துக்காக உருவாக்கப்பட்டது. இந்த வெற்றி அவருக்கு ஒரு சிறையாகவும் ஆயிற்று என்றே நினைக்கிறேன். பின்னாளில் அவருக்கு வந்த பல வேடங்கள் ஜோர்பாவின் நிழலாகவே இருந்தன. அவற்றை விரைந்து கடந்துவிடலாம். முஸ்தஃபா அக்காட் இயக்கிய இரண்டு படங்களை மட்டும் விட்டுவிட வேண்டாம். 1976இன் 'தி மெசேஜ்' படத்தில் நபிகள் நாயகத்தின் உருவம் காட்டப்படுவதில்லை. நபிகளின் சிற்றப்பா ஹம்ஸாவாக நடித்த குயின், காணாத ஒருவரிடம் பேசுவதைப்போலக் கேமராவை நோக்கிப் பேச வேண்டியிருந்தது. லிபிய வீரர் உமர் முக்தாரின் கதையான 'லயன் ஆஃப் தி டெசர்ட்' படத்தில் அவர் காட்டும் அமைதி, ஜோர்பாவை மட்டும் அறிந்தவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

அவர் 1972இலும் 1995இலும் இரண்டு தன்வரலாறுகளை வெளியிட்டார். படங்களைப் பார்த்து முடித்த பிறகு படியுங்கள், முன்பே வேண்டாம். குயின் கதை சொல்வதில் வல்லவர். நினைவையும் புனைவையும் பிரிக்கும் கோடு அவரிடம் மெல்லியது. தேதி, ஒப்பந்தம், விருது போன்றவற்றை வேறு ஆவணங்களோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உணர்வுகளைப் பொறுத்தவரை அவரையே நம்பலாம். திருமணங்களையும் பிள்ளைகளையும் பற்றிய பேச்சு அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். முதல் மகன் 1941இல் இரண்டு வயதில் நீரில் மூழ்கி இறந்ததை மட்டும் அறிந்துகொள்ளுங்கள்.

லாஸ் ஏஞ்சலீஸுக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு இடங்களைப் பார்க்கலாம். கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸில், அவர் சிறுவயதில் வாழ்ந்த வீடு இருந்த இடத்தில், அவர் பெயரிலேயே ஒரு பொது நூலகம் இருக்கிறது. நகர மையத்தின் பிராட்வே தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் பக்கச் சுவரில், கைகளை விரித்து ஆடும் அவருடைய மாபெரும் ஓவியத்தை எலோய் டோரெஸ் வரைந்திருக்கிறார்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது, 1995இல் வந்த 'எ வாக் இன் தி கிளவுட்ஸ்'. குயினுக்கு அப்போது 80 வயது. 2001 ஜூன் 3 அன்று பாஸ்டனில் அவர் காலமாவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு. படம் எளிமையான காதல் கதைதான், பெரிய படைப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கலிஃபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் மெக்சிகோ-அமெரிக்கக் குடும்பத்தின் மூத்தவர் டான் பெட்ரோவாக அவர் வருகிறார். இயக்கியவர் மெக்சிகோவில் பிறந்த அல்ஃபோன்ஸோ அராவ். இங்கே அவர் தன் மண்ணைப் பற்றிப் பேசும்போது பழைய பெருங்குரல் இல்லை. வேறு எவராகவும் வேடமிட வேண்டிய தேவையும் இல்லை. இரண்டாவது கட்டத்தில் 'மெக்சிகோ-அமெரிக்கர்' என்று எழுதிவிட்டு, மூன்றாவதில் 'உயிரோடு இருக்கிறார்' என்று குறித்துக்கொள்ளுங்கள்.