புளி போட்டுத் தேய்க்காதீர்கள்: கடற்கரையில் அகப்படும் பித்தளை மோதிரங்களும் நாம் விடும் பிழைகளும்

மாரி ஓய்ந்து கடல் தணிகிற தை, மாசியில் திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரையோரமாக நடந்தால் ஏதாவது ஒன்று காலில் இடறும். வாடைக் காற்றுக் காலத்து அலை மணலை அரித்துக்கொண்டு போக, அடியில் கிடந்ததெல்லாம் மேலே வந்துவிடும். கையில் மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவருக்குக் கேட்கவே வேண்டாம். பழைய பித்தளைச் சாமான் என்றால் எனக்குப் பைத்தியம் என்பது ஊருக்குத் தெரியும். அதனால் மோதிரமோ வளையமோ கிடைத்தால் என்னிடம் காட்ட வருவார்கள். வரும்போதே புளி போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு மாதிரிப் பளபளவென்று கொண்டுவருவார்கள். பாதிக் கதை அதிலேயே கழுவுப்பட்டுப் போயிருக்கும்.

புளியும் எலுமிச்சையும் அமிலம். மேலே படிந்த பச்சைக் களிம்பை மட்டும் எடுத்துவிட்டு நிற்காது. மேலே மெல்லிசாகத் தங்கமோ வெள்ளியோ ஈயமோ பூசியிருந்தால், அதன் மிச்சம் அந்தப் பச்சைக்கு அடியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசிமுனையால் கீறிய எழுத்தும் அப்படித்தான். தேய்த்தால் இரண்டும் போய்விடும், திரும்ப வராது. நானும் ஒன்றை அப்படி நாசமாக்கியவன்தான். உள்பக்கம் ஏதோ கோடுகள் இருந்தன, தேய்த்து முடித்தபோது கோடும் இல்லை, படமும் எடுத்து வைக்கவில்லை. கையில் வந்தவுடன் செய்ய வேண்டியது, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலரவிட்டு, நான்கு பக்கமும் படம் எடுப்பது. பிடிவாதமான மண்ணை மூங்கில் குச்சியால் மெல்லத் தட்டி எடுத்தால் போதும்.

அடுத்தது, பச்சையைக் கண்டவுடன் வயது சொல்வது. "இவ்வளவு பாசி பிடிச்சிருக்கு, ஒல்லாந்தர் காலத்துச் சாமான்தான்" என்பார்கள். வீட்டு விளக்கைப் பாருங்கள். எண்ணெய் விட்ட வாயோரம் சில வாரத்திலேயே பச்சையாகப் பிசுபிசுக்கவில்லையா? எண்ணெயில் உள்ள கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்த வேலை அது. கடல் உப்பு அதைவிட வேகம். போன வருடம் தவறவிட்ட மலிவு மோதிரமும் ஈர மணலில் கிடந்தால் பச்சையாகத்தான் வரும்.

உப்புத் தண்ணீர் செய்யும் இன்னொரு மாயம் பலருக்குத் தெரியாது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். நீண்ட காலம் கடலில் கிடந்தால் துத்தநாகம் கரைந்து வெளியேறும், மேற்பரப்பில் இளஞ்சிவப்பான, பஞ்சு போன்ற செம்பு மட்டும் எஞ்சும். அதைப் பார்த்துவிட்டு "இது செப்பு மோதிரம்" என்று முடிவுகட்டுவது பிழை. உடைந்த இடம் இருந்தால் அதன் நடுவைப் பாருங்கள், மஞ்சள் தெரியும். நகையின் மாற்றுப் பார்க்கும் எக்ஸ்ரே கருவி கீறாமலே விகிதம் சொல்லும், நல்ல வழிதான். ஆனால் அதுவும் மேற்பரப்பைத்தான் படிக்கிறது. துத்தநாகம் போன தோலைக் காட்டினால் செம்பு என்றே சொல்லும்.

சரி, தங்கமோ என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? காந்தம் ஒட்டவில்லை என்பதை ஆதாரமாகச் சொல்பவர்கள் உண்டு. பித்தளையிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் முலாம் பூசிய இரும்பு என்று தெரியும், அவ்வளவுதான். உரைகல்லில் உரசி நைட்ரிக் அமிலம் விட்டால் பித்தளைக் கோடு கரைந்து போகும், தங்கக் கோடு நிற்கும். ஆனால் உரசுவதும் காயம்தான், பழையதாக இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் வேண்டாம். எடையைக் கேளுங்கள். 0.01 கிராம் காட்டும் தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, காட்டும் எண்ணைப் பூச்சியமாக்கி, மோதிரத்தை நூலில் கட்டி, அடி தொடாமல் மூழ்கவிடுங்கள். 5 கிராம் மோதிரம் பித்தளையானால் ஏறக்குறைய 0.6 காட்டும், 22 கரட் தங்கமானால் 0.28 அளவில் நிற்கும். பித்தளையா வெண்கலமா என்பதை மட்டும் இப்படிப் பிரிக்கப் பார்க்காதீர்கள். இரண்டின் அடர்த்தியும் அவ்வளவு நெருக்கம்.

உலோகத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும், நான் பார்த்த பெரும் பிழைகள் உருவத்தை வைத்து நடந்தவைதான். விரல் நுழைந்தால் மோதிரம் என்று நினைத்துவிடுகிறோம். வெளிப்பக்கம் சற்றே புடைத்து, இரண்டு ஓரமும் சரிந்திருந்த ஒரு வளையத்தை இரண்டு மாதம் விரலில் போட்டுக்கொண்டு, ஒல்லாந்தர் மோதிரம் என்று எல்லாருக்கும் காட்டித் திரிந்தேன். ஒருநாள் வள்ளத்து எஞ்சின் திருத்தும் தம்பி ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணை, இது குழாய்க்குப் போடுறது." செப்புக் குழாயை நட்டோடு சேர்த்து இறுக்கும்போது, கசியாமலிருக்க நடுவில் நசுங்கும் பித்தளை வளையம் அது. 15, 22 மில்லிமீற்றர் குழாய்களுக்கு உரியவை அப்படியே விரல் அளவு. அதை இப்போதும் சாவிக் கொத்தில் வைத்திருக்கிறேன்.

துறைமுக ஊரில் இப்படிப்பட்டவை ஏராளம். கப்பல் பாயிலும் தார்ப்பாயிலும் கயிறு கோக்கும் கண்ணுக்கு இரண்டு தட்டு இருக்கும், ஓரம் மடிந்திருக்கும். திரைச்சீலை வளையம் பெரும்பாலும் உள்ளே பொள்ளல், உள்வட்டத்தில் தகடு சேர்ந்த கோடு தெரியும். சுருக்குவலையின் அடிக்கயிறு ஓடும் வளையம் கை அகலத்துக்கு இருக்கும், அதைக் காப்பு என்று கொண்டுவந்தவரும் உண்டு. உள்ளே திருகு மரை ஓடினால் அது விளக்கு, குழாய், எஞ்சின் வகை. விரலில் கிடந்த மோதிரம் வேறு மாதிரித் தேய்ந்திருக்கும். உள்ளங்கைப் பக்கம் மெலிந்து, ஓரங்கள் மழுங்கி, வட்டம் கொஞ்சம் கோணி. வாய் திறந்திருந்தால் மெட்டியாகவும் இருக்கலாம்.

ஒன்றை மட்டும் விளையாட்டாகச் சொல்லவில்லை. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின, பிறகு நம் காலத்து யுத்தம் வேறு. துப்பாக்கி ரவைக் கோதின் அடிப்பாகம் அரிபட்டு வளையம் போல் மிஞ்சுவது உண்டு. பீரங்கிக் குண்டைச் சுற்றியிருக்கும் செப்புப் பட்டையும் வளையம்தான். மணலில் வளையம் தெரிந்து, அதன் கீழே இன்னும் ஏதோ கனமாக இருப்பதாகப் பட்டால் இழுக்காதீர்கள், கிண்டாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்து விலகி, பொலிசுக்குச் சொல்லுங்கள்.

எழுத்து இருந்தால் உடனே காலம் தெரிந்துவிடும் என்பதும் அரை உண்மை. முத்திரை மோதிரத்தில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி வெட்டப்பட்டிருக்கும், மெழுகில் அழுத்தினால்தான் நேராகும். நேராகவே படிக்க முடிந்தால் அது அலங்காரம். உள்பக்கம் 916, 925 என்ற எண் நம் காலத்து முத்திரை, அதுவும் மோசடியாகப் பித்தளையில் அடிக்கப்படுவதுண்டு. ஐம்பொன் மோதிரம், நவக்கிரக மோதிரம் எல்லாம் இன்றும் விற்கிற பொருட்கள். கோலம் பழையதாக இருப்பதால் மோதிரமும் பழையதாகிவிடாது.

டிடெக்டர் காட்டும் எண்ணை நம்பித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சோடா ரின் மூடியின் அலுமினிய நாக்கும் தங்க மோதிரமும் பல மெசின்களில் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் விழும். வெட்டுப்பட்ட மோதிரம், மின்னோட்டம் சுற்றி ஓட வழியில்லாததால், முழு மோதிரத்தைவிட மந்தமாகக் கத்தும். புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணலில் மெசின் சும்மாவே உளறும்.

மெசினோடு எங்கே நிற்கிறோம் என்பதும் முக்கியம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2 க்கு முந்தியதென்று நியாயமாக நம்பக்கூடிய பொருள் தொல்பொருள். மண்ணுக்குள் கிடப்பது அரசின் சொத்து, சொந்தக் காணியிலேயே ஆனாலும். தொல்பொருள் தேடி அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். தற்செயலாகக் கண்டெடுத்தாலும் அறிவிக்க வேண்டும். பிரெட்றிக் கோட்டைப் பக்கம் மெசினைத் தூக்கிக்கொண்டு போவதை நினைத்தும் பார்க்காதீர்கள். 1950 இல் கிணறு வெட்டப்போன இடத்தில் கோணேசர் கோயில் விக்கிரகங்கள் வெளிவந்த மண் அது. அங்கே ஒரு வளையம் எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் வயதைச் சொல்லும். பிடுங்கி எடுத்தால் அந்தச் சாட்சி போயிற்று.

வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்த மோதிரத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசாதீர்கள், விளக்கு வாயில் பார்த்த அதே பச்சைதான் வரும். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பையோடு மூடி இறுகும் டப்பாவில் போடுங்கள். சில வாரம் கழித்து வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்திருந்தால், உள்ளே சிக்கிய உப்பு இன்னும் உலோகத்தைத் தின்கிறது என்று அர்த்தம். அந்தத் தூளைக் கையால் தட்டாமல், பையை மாற்றிப் புதிதாகப் போட்டு மூடி வையுங்கள்.