மீடியம் ரோஸ்ட்டில் கருப்பு டிகாஷனைத் தேடாதீர்கள்

முதல் தடவை மீடியம் ரோஸ்ட், அதாவது நடுத்தரமாக வறுத்த காப்பிப் பொடி வாங்கி பில்டரில் போட்டபோது, பத்தே நிமிடத்தில் டிகாஷன் முழுக்க இறங்கிவிட்டது. கருப்பாகவும் இல்லை, செம்பழுப்பாக இருந்தது. பாலில் கலந்து அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன மக்ளே, தண்ணியால்லா இருக்கு" என்றாள். மறுநாள் அதே டிகாஷனை அடுப்பில் வைத்துச் சுண்ட விட்டேன். கெட்டியானது, கூடவே வாயில் வைக்க முடியாத கசப்பும் வந்தது. பொடிதான் சரியில்லை என்று ஓரத்தில் தூக்கி வைத்தேன். பொடி நல்ல பொடி. தவறெல்லாம் என் கையில்.

நாம் பழகியிருப்பது கருக வறுத்த கொட்டையும் சிக்கரியும் சேர்ந்த பொடிக்கு. அந்தக் கருப்பும் கொழகொழப்பும் பாதிக்கு மேல் சிக்கரி கொடுப்பது. சிக்கரி ஒரு செடியின் வேர். அதில் கஃபீன் கிடையாது. தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்த நிறத்தையும் வேகத்தையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு மீடியம் ரோஸ்ட்டைப் பார்ப்பதுதான் முதல் தவறு, மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைக்கிறது. கருப்பாக இருந்தால் 'ஸ்ட்ராங்' என்பதும் அப்படி ஒரு நம்பிக்கைதான். வறுவல் கூடுவதால் கஃபீன் கூடுவதில்லை. அது கொட்டையின் வகையைப் பொறுத்தது: அராபிகா என்ற வகையில் சுமார் 1.2 சதவீதம், ரொபஸ்டா என்ற வகையில் ஏறத்தாழ அதைப்போல இரு மடங்கு.

வாங்கும் இடத்திலேயே குழப்பம் தொடங்கிவிடும். பாக்கெட்டில் 'பிளெண்ட்' என்று இருந்தால் அராபிகாவும் ரொபஸ்டாவும் கலந்தது என்று நினைப்போம். பல பாக்கெட்டுகளில் அது காப்பியும் சிக்கரியும் கலந்தது. சட்டப்படி அப்படிப்பட்ட கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு சிக்கரி என்பதையும் அச்சிட வேண்டும். அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். முன்பக்கப் படத்தைவிட அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள். பால் காப்பி குடிக்கும் வீடென்றால் அராபிகா 70, ரொபஸ்டா 30 என்கிற மாதிரிக் கலவை என் கணக்கில் சரியாக வரும். அராபிகா மணத்தையும் லேசான புளிப்பையும் தரும், ரொபஸ்டா பாலைத் தாண்டி நாக்கில் நிற்கும். சிக்கரி இல்லாமல் முடியாது என்றால் பத்து சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பீபெரி என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் உண்டு. ஒரு பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒற்றையாய் விளைந்த உருண்டைக் கொட்டை அது, அவ்வளவுதான். வறுவல் கெட்டால் அதுவும் கெடும்.

கடையில் கொட்டையைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். வறுக்கும்போது கொட்டை ஒருமுறை படபடவென்று வெடிக்கும். அது அடங்கி, இரண்டாம் வெடிப்பு தொடங்கும் முன் இறக்கினால் மீடியம். அப்போது கொட்டையின் சூடு ஏறத்தாழ 210 முதல் 220 டிகிரி செல்சியஸ் இருக்கும். நிறம் ஒரே சீரான பழுப்பு, மேலே வறண்டிருக்கும். எண்ணெய் பூசியதுபோல் மினுங்கினால் அது மீடியத்தைத் தாண்டிப்போனது.

அப்புறம் நம் ஊரின் ஈரம். குமரி மாவட்டத்தில் ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, இடையில் கடற்காற்று. உப்பு ஜாடியே கசிகிற ஊரில் காப்பிப் பொடி மட்டும் எப்படித் தாங்கும்? ஒரு ஆனி மாதம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அரைக் கிலோ அரைத்து வாங்கி, பெரிய எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, அடுப்புக்கு மேல் தட்டில் வைத்தேன். மூன்றாவது வாரம் கரண்டியை விட்டால் கட்டி கட்டியாக வந்தது. கட்டியை நசுக்கி முகர்ந்தேன். பழைய அட்டைப்பெட்டி வாசம். ஈரம், அடுப்பின் சூடு, பாதி காலியான டப்பாவின் காற்று, மூன்றும் சேர்ந்து செய்த வேலை. இப்போது நூறு கிராமுக்கு மேல் வாங்குவதில்லை. நிறையும் அளவுக்குச் சின்னதான, இறுக மூடும் பாட்டிலில் போட்டு இருட்டு அலமாரியில் வைக்கிறேன். ஃப்ரிட்ஜ் வேண்டாம். வெளியே எடுத்துத் திறந்ததும் குளிர்ந்த பொடியில் காற்றின் ஈரம் படிந்துவிடும். மேலும், மீன் இல்லாத நாளே குறைவான நம் ஃப்ரிட்ஜில் காப்பிப் பொடி எதன் வாசத்தைப் பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தண்ணீரையும் கவனியுங்கள். கடலோர ஊர்களில் பல கிணறுகளிலும் போர்வெல்களிலும் வருவது சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினத் தண்ணீர். மீடியம் ரோஸ்ட்டின் அழகே அந்த மெல்லிய புளிப்புதான், கடினத் தண்ணீர் அதை அமுக்கிச் சப்பென்று ஆக்கிவிடும். குடிக்கச் சுவையாக இருக்கிற தண்ணீரே காப்பிக்கும் நல்லது.

பில்டரில் இரண்டு பேருக்கு 20 கிராம் பொடி, அதாவது தலைதட்டிய நாலு மேசைக்கரண்டி. டிகாஷன் மெலிவாகத் தெரிந்தால் பொடியைக் கூட்டுங்கள், கொதிக்க வைக்காதீர்கள். பொடியைப் பரப்பி, பில்டரோடு வரும் குடையை (காம்பு வைத்த ஓட்டைத் தட்டு) மேலே சும்மா வையுங்கள். அழுத்தி அமுக்க வேண்டாம். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கி அரை நிமிடம் விட்டு, பொடி நனையும் அளவுக்கு மட்டும் முதலில் ஊற்றுங்கள். பொடி லேசாக உப்பி, குமிழி விடும். புதிதாக வறுத்தது என்பதற்கு அது அடையாளம். அரை நிமிடம் கழித்து மீதித் தண்ணீர், மொத்தம் 120 மில்லி. பொடியே சுமார் 40 மில்லியைக் குடித்துவிடும், 80 மில்லி கீழே வரும். சீக்கிரம் இறங்கினால் பதற வேண்டாம். ஓரிரு நிமிடத்திலேயே ஓடிவிட்டால் மட்டும் அரைப்பு பெரிது என்று பொருள். ஆறிய டிகாஷனை அடுப்பில் நேராக வைக்காமல், வெந்நீர்க் கிண்ணத்தில் டம்ளரோடு இறக்கிச் சூடாக்குங்கள். பால் குறைவாக, தண்ணீர் கலக்காமல்.

கட்டன் காப்பிக்கு, அதாவது பால் சேர்க்காத காப்பிக்கு, நம் பழக்கம் பொடியைப் போட்டுக் கொதிக்க விடுவது. சுக்குக் காப்பிக்கு அது பொருந்தும், மீடியம் ரோஸ்ட்டுக்குப் பொருந்தாது. கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து, மண் போக வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்த வெந்நீரில் பொடியைப் போட்டு, ஒருமுறை கிளறி, மூடி, நாலு நிமிடம் கழித்துத் துணியில் வடிகட்டுங்கள். அதன் பிறகே கருப்பட்டி, அதுவும் ஒரு கரண்டிதான். கூடினால் கருப்பட்டி மட்டுமே வாயில் நிற்கும். தண்ணியாக இருக்கிறது என்ற அம்மா, மழை நாள் சாயங்காலங்களில் இந்தக் கட்டனைத்தான் இரண்டாவது டம்ளரும் கேட்கிறாள்.